பொட்டு வைக்காத பெட்டி

அத்தியாயம் 3

கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கிவிட்டு ராஜாராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி நாலு நிமிஷம்.

பத்து ஐந்துக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பத்து எட்டுக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து பத்துக்குச் சட்டென்று நின்றது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறது, மறுபடியும் சுற்றியது.

"இந்நேரம் நான் பெருமாள் கோயில சுத்திட்டு, புளியோதரை துன்னுட்டு, கையும் கழுவிக்கினு வந்திருப்பேன் சார்" என்றாள் ஆதிலட்சுமி.

பத்து பதினைந்துக்குத் திரை திறந்தது. ராஜாராம் தன் குறிப்பேட்டில் 'பதினோரு நிமிஷம்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். துப்பறிகிறவர் எதையாவது எழுதிக் கோடு போட்டால் கட்சிக்காரருக்கு ஒரு தெம்பு.

உத்திரமேரூரில் அவர் ஒருவர்தான் துப்பறிவாளர்; அதனால் தலைசிறந்தவரும் அவரே. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பதினெட்டு வருஷம் வாடிக்கையாளர் மாதிரி உலவி, சேலைக்குள் சேலை வைத்துக் கிளம்புகிறவர்களைப் பிடித்தவர். பிறகு கடைக்குக் கேமரா வந்தது. அவர் வீட்டுக்கு வந்தார். பழைய ஆளைச் சரிபண்ணி வைத்துக்கொள்வதா, புதுசு போடுவதா என்று முதலாளி யோசித்தாராம். அரை டம்ளர் காப்பி ஆறுகிற நேரம் யோசித்திருப்பார். அன்றிலிருந்து ராஜாராம், உரக்கடை மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு, பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா என்பதைத் துப்பறிந்துவந்தார்.

ஆதிலட்சுமி அவருடைய உதவியாளர். முன்பு ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்தவள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், ஒரு மொபெட். ராஜாராமின் முழங்கால் ஒத்துழைக்க மறுத்த நாளிலிருந்து வாகனப் பிரிவும் அவள் பொறுப்பு. கேஸ்களில் பாதியைக் கண்டுபிடிப்பதும் அவள்தான். மீதிப் பாதி தானாகத் தெரியவரும்.

இன்றைய கட்சிக்காரர் ஜெகந்நாதன். பெருநகர் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பஜார் வீதியில் இருக்கும் இந்த 'வாணி ஆன்லைன் சேவை மைய'த்தின் உரிமையாளர். ஊர் ஜனம் சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

"பார்த்தேளா? நாலு நிமிஷத்துல தொறந்துண்டிருந்த மெஷின்" என்றார் ஜெகந்நாதன். "நேத்திக்குத் தானியேல் வந்து பெட்டியைத் தொறந்து பார்த்தான். உள்ள ரெண்டு ரேம் இருக்கணுமாம். ஒண்ணுதான் இருக்காம். வித்தது அவன், பில்லே வச்சிருக்கான். ஆக, திருட்டு. இந்த மெஷினைச் சரிபண்றதே வீண், மாத்திடுங்கன்னுட்டான். நாலு மணிக்கு வண்டி அனுப்பறான். பழசை எடுத்துண்டு புதுசை வச்சுடுவான்."

"சரி, அதுல நாங்க எதுக்கு?"

"மெஷினையும் மாத்தறேன், ஆளையும் மாத்தறேன். ஆனா, எடுத்தது யாருன்னு எழுத்துல ஒரு ரிப்போர்ட் வேணும். நாளைக்கு வாத்தியார் அநியாயம் பண்ணிட்டார்னு ஊர்ல யாரும் சொல்லப்படாது."

தீர்ப்பை எழுதிவிட்டு அதற்குப் பொருத்தமாக ஒரு விசாரணை கேட்டவர்கள் ராஜாராமின் தொழில் வாழ்க்கையில் இதற்கு முன்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் மாமியார்கள்.

மாற்றப்பட வேண்டிய ஆள் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஸ்வேதா, வயது இருபத்தாறு. பெருநகர் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பின் முதல் பட்டதாரி. பத்தாவது வரை ஜெகந்நாதனிடமே படித்தவள். "என் ஸ்டூடண்ட்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக் கூட்டிவந்து வேலையில் வைத்தவள். நேற்றுச் சாயங்காலம், பெஞ்சில் எட்டுப் பேர் இருக்கும்போது, "எடுத்தது நீதானே?" என்று கேட்டார். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் பழகிய குரல் அது. கடைசி பெஞ்சைத் தாண்டி எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"சார்" என்றாள் ஸ்வேதா, ராஜாராமைப் பார்த்து. "நான் வேலைய வுட்டுப் போயிடறேன். இன்னிக்கே போறேன். ஆனா திருடின்னு பேர் வாங்கிக்கினு போவமாட்டேன். அதுக்குத்தான் ஒக்காந்துகினு கீறேன். நாலு மணிக்குப் பெட்டி போயிடுச்சுன்னா அப்பறம் நான் இன்னா சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க."

அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ராஜாராம் எழுந்து கடையை ஒரு சுற்று சுற்றினார். சுற்றுவதற்கு ஆறடி இடம்தான் இருந்தது. அதையும் அவர் நிதானமாகச் சுற்றினார்.

ஆயுத பூஜை முடிந்து ஐந்து வாரம் ஆகியும் கடையில் அதன் சுவடு போகவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் காய்ந்த சந்தனம், குங்குமம். பிரிண்டரில், லேமினேஷன் மெஷினில், ஸ்டேப்ளரில், சுவிட்ச் போர்டில், எல்லாவற்றிலும் பொட்டு.

"தொடப்பத்துக்குக் கூட வச்சிருக்காங்க சார்" என்றாள் ஆதிலட்சுமி மூலையைக் காட்டி. பிறகு மேஜைக்கடியில் குனிந்தாள். "இந்தப் பெட்டி மட்டும் கல்யாண ஊட்டுல குளிக்காத புள்ள மாதிரி கீது."

உண்மைதான். கம்ப்யூட்டர் பெட்டியில் பொட்டு இல்லை. ராஜாராம் அதையும் எழுதினார். கோடு போடவில்லை. பின்னால் அதை நினைத்துத் தன்னைத்தானே வைதுகொண்டார்.

"மூடியைக் கழட்டு, லட்சுமி."

மூடிக்குத் திருகாணியே கிடையாது, இழுத்தால் வந்தது. உள்ளே அடுத்தடுத்து இரண்டு நீளப் பள்ளங்கள். ஒன்றில் சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பட்டை செருகியிருந்தது. இன்னொன்று காலி. காலிப் பள்ளத்தின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் தீற்றல். ஜெகந்நாதன் குனிந்து பார்க்கவில்லை.

ஆதிலட்சுமி அதைச் சுரண்டி முகர்ந்தாள். "சமையல் மஞ்சள் இல்ல சார். பூஜை மஞ்சள். சாமி கும்பிட்டுட்டுத் திருடியிருக்கான். பக்திமான்."

"இதைத் தொறக்கறதுக்கு யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டார் ராஜாராம்.

"யாரும் தொடப்படாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன். தானியேல் ஒருத்தன்தான் தொடலாம். சாவி என்கிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு. பெருக்கறதுக்கு ஒரு அம்மா வருவா. பேப்பர் கட்டு போட ஒரு ஆள் வருவான்."

ஐந்து பேர். விரல் ஒருத்தியை நோக்கித்தான் நீண்டிருந்தது. ஏன் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. கேட்காததிலேயே பதில் இருந்தது. ராஜாராமுக்குக் காஞ்சிபுரத்துக் கடை ஞாபகம் வந்தது. அங்கேயும் பட்டுடுத்தி வருகிறவர்களை விட்டுவிட்டு நூல் சேலைக்காரிகளின் பின்னால்தான் அவரைப் போகச் சொல்வார்கள். பதினெட்டு வருஷத்தில் அவர் பிடித்த அத்தனை பேரும் பட்டுடுத்தி வந்தவர்கள்.

"மெஷின் எப்போலேர்ந்து ஸ்லோ?"

ஸ்வேதா ஒரு நோட்டை நகர்த்தினாள். அவள் எழுதும் டோக்கன் நோட்டு. செப்டம்பர் இருபத்தொன்பது: ஐம்பத்திரண்டு பேர். முப்பது: நாற்பத்தொன்பது. பிறகு ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் விடுமுறை. அக்டோபர் மூன்று: இருபத்தொன்று. அதற்குப் பிறகு ஒருநாளும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. மூன்றாம் தேதி ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'மெமரி பாதிதான் காட்டுது. சாரிடம் சொன்னேன்.'

"சொன்னியா?"

"சொன்னேன் சார். பழசானா தேயத்தான் செய்யும்னாரு."

ராஜாராம் ஜெகந்நாதனைப் பார்த்தார். ஜெகந்நாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

"செருப்பா சார் தேயறதுக்கு?" என்றாள் ஆதிலட்சுமி. "திருடினவளே மூணாம் நாள் புகார் எழுதி வப்பாளா?"

"அதுதான் சாமர்த்தியம்" என்றார் ஜெகந்நாதன். ஆனால் குரல் இந்த முறை முதல் பெஞ்சோடு நின்றுவிட்டது.

* * *

தானியேலின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. இறந்துபோன கம்ப்யூட்டர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் தானியேல் உட்கார்ந்து ஒரு பிரிண்டரின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

மொபெட்டில் வரும்போதே ராஜாராம் கேஸை முடித்துவிட்டார். புது மெஷின் விற்றால் யாருக்கு லாபம்? பெட்டியைத் தொட யாருக்கு அனுமதி? காணாமல் போனதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் யார்? எல்லா அம்பும் ஒரே கடையைக் காட்டின. நேராக மேஜையில் கையை ஊன்றினார்.

"தானியேல், அந்த ரேமை எங்க வச்சிருக்கே?"

தானியேல் நிமிர்ந்தான். "இன்னா சார், வந்ததும் வராததுமா. நாஷ்டா துன்னீங்களா?"

"பேச்சை மாத்தாதே. பூஜை லீவுல கடையைத் தொறந்து, ஒண்ணை உருவி, மெஷினைப் படுக்கவச்சு, இப்போ புதுசு விக்கறே."

"ஏன் சார், திருடினது நானா இருந்தா ஒண்ணு காணோம்னு நானே போயி எதுக்குச் சொல்றேன்? பழச எடுத்துக்கினு போம்போது கம்முனு இருந்தா ஆருக்குத் தெரியும்?"

ராஜாராம் கையை மேஜையிலிருந்து எடுத்தார்.

"அதுல மஞ்சள் இருந்துச்சு" என்றாள் ஆதிலட்சுமி, தன் முதலாளியைக் கரையேற்றும் எண்ணத்தில்.

"மஞ்சளா?" தானியேல் சிரித்தான். சட்டைக்குள்ளிருந்து சிலுவைச் சங்கிலியை எடுத்துக் காட்டினான். "அக்கா, நான் ஞாயித்துக்கெழமை ஆனா கோயில்ல கிட்டார் வாசிக்கிறவன். ரேமுக்கு மஞ்சத் தடவினேன்னு ஃபாதருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது? நேத்து அந்த மஞ்சள நானுந்தான் பாத்தேன். வாத்தியார் ஊட்டு மெஷினாச்சே, சாம்பார் சிந்திகினாங்கன்னு நெனச்சேன்."

கேஸ் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. ராஜாராமுக்கு அந்தச் சுற்றும் வட்டத்தின் மேல் ஒரு தோழமை உண்டாயிற்று.

"சரி, தொழில்காரனா சொல்லு. அந்த மெஷினை மாத்தத்தான் வேணுமா?"

"கம்பெனிக்காரனே அதுக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டான் சார். அக்டோபரோட முடிஞ்சுது. இனிமே அப்டேட் வராது. அதான் ஸ்லோ."

"நம்ம ஊரு கோயில் கல்வெட்டுக்கு ஆயிரம் வருசமா அப்டேட் வரல" என்றாள் ஆதிலட்சுமி. "இன்னிக்குப் போனாலும் ஒடனே ஓப்பன் ஆவுது."

"சப்போர்ட் நின்னது மாச நடுவுல" என்றார் ராஜாராம். "மெஷின் படுத்தது மூணாம் தேதி."

தானியேல் பின்னந்தலையைச் சொறிந்தான். "உள்ளதச் சொல்லணும்னா... ரெண்டு ரேமும் இருந்து, ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா அந்த மெஷின் இன்னும் ரெண்டு வருசம் பிச்சிக்கினு ஓடும். ஸ்வேதா கூட அதான் கேட்டுச்சு. ஆடி மாசமே எழுதிக் குடுத்துச்சாம். வாத்தியார்தான் காதுல வாங்கல. ஒரு ரேம் காணாமப் போனப்பறம் அதையும் வாங்கணும், இதையும் போடணும்னு ஆயி, புதுசே பரவால்லன்னு சொன்னேன். எனக்கும் ஊட்ல அடுப்பு எரியணும் இல்ல?"

"நாலு மணிக்கு வண்டி அனுப்பறதைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்."

"வண்டி காஞ்சிபுரத்துலேந்து கெளம்பிடுச்சு சார். அது நிக்காது. வேணும்னா நானும் கூட வந்து நிக்கறேன்."

மணி இரண்டரை. ராஜாராம் வெளியே வந்து முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"லட்சுமி, பசி."

"மூள வேல செஞ்சாதான் சார் பசிக்கும்" என்றாள். ஆனாலும் டீக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

* * *

போண்டா சூடாக இருந்தது. ஆதிலட்சுமி மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராஜாராம் போண்டாவை ஊதிக்கொண்டே சாவியைப் பார்த்தார். அதன் பிடியில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமத்தின் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"என்ன இது, சாவிக்குப் பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு வச்சது சார். எங்க வூடு மாடியில இல்ல? மொபெட்ட மேல ஏத்துய்யான்னேன். எங்க வூட்டுக்காரர் படுத்துக்கினே முடியாதுன்னுட்டாரு. சாமிக்கு இன்னா, மைலேஜா பாக்கப் போவுது? சாவிய எடுத்து வச்சு, சுண்டலப் படைச்சு..."

அவள் நிறுத்தினாள். ராஜாராமின் போண்டா வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

"இன்னா சார், காரமா?"

"லட்சுமி. துடைப்பத்துக்குப் பொட்டு வச்ச மனுஷன் கம்ப்யூட்டருக்கு ஏன் வைக்கலை?"

"மறந்துட்டிருப்பாரு."

"முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல சரஸ்வதி பூஜை பண்ணினவர். ஸ்டேப்ளரை மறக்கலை, சுவிட்ச் போர்டை மறக்கலை, சோறு போடற மெஷினை மறப்பாரா? வச்சிருக்கார். பெட்டிக்கு வைக்கலை, அவ்ளோதான்."

"பின்ன எதுக்கு?"

ராஜாராம் போண்டாவால் சாவியைச் சுட்டிக்காட்டினார்.

ஆதிலட்சுமி சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். டீக்காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். "ஏறுங்க சார். போண்டாவ வாயிலயே வச்சுக்குங்க. பேச வேணாம்."

* * *

ஜெகந்நாதன் வீடு சன்னிதித் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி வரலக்ஷ்மி. கழுத்தில் இஞ்ச் டேப், விரலில் நூல்.

"உள்ள வாங்கோ. அவர் கடையில இருக்காரே."

"உங்களைத்தான் பாக்க வந்தோம்மா" என்றார் ராஜாராம். கூடத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது. கால் மிதியோடு கூடிய பழைய இரும்பு. நாலு பேர் இல்லாமல் நகராது. "பூஜைக்கு இதை எப்படி உள்ள கொண்டுபோனீங்க?"

"இதையா?" அவள் சிரித்தாள். "இதை யார் தூக்கறது? வருஷா வருஷம் பாபினைக் கழட்டி வச்சுடுவேன். மறுநாள் எடுத்து மாட்டிண்டுடுவேன். சாமிக்குத் தெரியாதா என்ன?"

"சாருடைய கம்ப்யூட்டர்?"

"அதையேன் கேக்கறேள். பெட்டியோட தூக்கிண்டு வரேன்னு ஒத்தைக் கால்ல நின்னார். இடுப்புப் பிடிச்சுண்டா யார் பாக்கறது? பாபின் மாதிரி ஏதாவது சின்னதா ஒண்ணு எடுத்துண்டு வாங்கோ, போறும்னேன். முதல் நாள் சாயங்காலமே பூஜை மணையை அலம்பி மஞ்சள் பூசி வச்சுட்டு, அந்தக் கையோடயே கடைக்குப் போனார். பச்சையா சீப்பு மாதிரி ஒண்ணு கொண்டு வந்தார். ஸ்க்ரூ இல்லாம கையோட வந்தது அது ஒண்ணுதானாம்."

ஆதிலட்சுமி கண்ணை மூடித் திறந்தாள்.

"மறுநாள் எடுத்துண்டு போனாரா?" என்று கேட்டார் ராஜாராம்.

வரலக்ஷ்மி யோசித்தாள். "மறுநாள் விஜயதசமி. பேத்திக்கு அரிச்சுவடி ஆரம்பிச்சோம். அது நெல்லை வாரி எறைச்சுட்டு ஓடி, வீடே அமளி. அவர் ஒரு புஸ்தகத்தை மாத்திரம் எடுத்து ரெண்டு வரி படிச்சார். மத்ததை நான்தான் துணியில கட்டி அலமாரியில..."

சொல்லிக்கொண்டே போய் அலமாரியைத் திறந்தாள். மஞ்சள் பட்டுத் துணி மூட்டை. அவிழ்த்தாள். புத்தகங்கள், ஒரு பழைய வருகைப் பதிவேடு, பேனா. பதிவேட்டுக்குள், பக்க அடையாளம் மாதிரி, பச்சைப் பட்டை ஒன்று. அதன் நடுவில் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"இது அவ்வளவு முக்கியமா?" என்றாள் வரலக்ஷ்மி. அவர்கள் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது.

ராஜாராம் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் கடையில் நடந்ததையும் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணையா?" அவள் தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "கொலு வைக்கறதுக்கு வந்து படி கட்டிக் குடுத்தாளே. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா" என்றாள் ஆதிலட்சுமி. "சொல்ல வேண்டியவருக்கு நல்ல தொண்டை கீது."

* * *

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி கடை வாசலில் நின்றிருந்தது. புது கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. தானியேல் பழசின் வயர்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான், வேண்டுமென்றே மெதுவாகத்தான். டோக்கன்காரர்களும் துணைக்கு வந்தவர்களுமாகப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர். ஸ்வேதா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜாராம் ஜெகந்நாதனை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் அழைத்துப் போனார். கதைகளில் துப்பறிகிறவர்கள் எல்லோரையும் கூட்டிவைத்து விரல் நீட்டுவார்கள். ராஜாராமுக்கு விரல் நீட்ட வராது. சேலைக் கடையிலும் திருடியவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்ததை அலமாரியிலயே வச்சுட்டுப் போயிடும்மா" என்றுதான் சொல்வார். கேமரா வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

ஜெகந்நாதன் பார்த்தார். "இது நம்மாத்துல இருந்த சீப்பாச்சே? பூஜைக்கு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். கண் அந்தப் பெட்டிக்குப் போய், காலிப் பள்ளத்துக்குப் போய், கைக்குத் திரும்பி வந்தது.

"இதா ரேம்?"

"இதுதான் சார்."

"லீவு முடிஞ்சும் மெஷின் ஓடித்தே... ஓடினதனால ஏதோ வேண்டாத சாமான்னு நினைச்சுட்டேன். ரேம்னா என்னமோ பெரிசா, உள்ளுக்குள்ள..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "ராஜாராம், அவளை உள்ள கூப்பிட்டு நானே சொல்லிடறேன். ரிப்போர்ட்ல, காணாம போனது கிடைச்சுதுன்னு ஒரு வரி எழுதிடுங்கோ. யார் எவர்னெல்லாம் வேண்டாமே."

ராஜாராமின் மனசு இளகியது. அது சுலபமாக இளகும். உடம்பில் இன்னும் வேகமாக வேலை செய்யும் ஒரே பாகம் அதுதான். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

"சார்."

ஸ்வேதா நின்றிருந்தாள். ஆறடிக் கடையில் ரகசியத்துக்கு இடம் ஏது? எல்லாம் கேட்டிருந்தது. அவள் அந்தப் பச்சைப் பட்டையை ராஜாராமின் கையிலிருந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பொட்டைப் பார்த்ததும் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, இன்னொன்றா என்று ராஜாராமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உள்ள கூப்புட்டுச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். பேச வேண்டியது இருந்தா டோக்கன் எடுத்துக்கினு ஒக்காருங்க. எல்லாரும் அப்பிடித்தான் பேசறாங்க."

தலைமை ஆசிரியர் அவளைப் பார்த்தார். பிறகு, தானே சுவரில் மாட்டிவைத்த கட்டிலிருந்து ஒரு டோக்கனைக் கிழித்தார். பத்தொன்பது. பென்ஷன் சான்றுக்கு வந்த ஒரு கிழவருக்கும், அடுத்த டோக்கனைக் கிழித்துவந்து குழந்தையோடு உட்கார்ந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

தானியேல் பட்டையை வாங்கிச் சந்தனத்தைத் துடைத்தான். "பல்லுல கறை புடிச்சிருக்கு. ரப்பர் இருந்தா குடுங்க, அழிக்கிற ரப்பர்." ஜெகந்நாதன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து, பெஞ்சில் இருந்தபடியே நீட்டினார். ஓய்வுபெற்ற பிறகும் அது அங்கேதான் இருந்தது. தானியேல் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, பள்ளத்தில் வைத்து அமுக்கினான். 'டிக்' என்றது. வயர்களை மறுபடியும் மாட்டிப் பொத்தானைத் தட்டினான்.

ராஜாராம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி.

"யப்பா, பாதி மூளைய வச்சுக்கினு அஞ்சு வாரம் ஓடியிருக்கு" என்றாள் ஆதிலட்சுமி. "நம்ம ஆபீஸும் அப்பிடித்தான் ஓடுது, ஆனா அதுக்கு மாத்து ஸ்பேர் இல்ல."

"புதுசு எறக்கவா, வாணாமா?" என்று வண்டிக்காரன் வாசலிலிருந்து கேட்டான்.

எல்லோரும் ஜெகந்நாதனைப் பார்த்தார்கள். அவர் ஸ்வேதாவைப் பார்த்தார்.

"வாணாம்" என்றாள் அவள். "தானியேல் அண்ணா, ஞாயித்துக்கெழம வந்து எஸ்எஸ்டி போட்டுக் குடுங்க. ஒரு நிமிசத்துல தொறக்கும். அப்டேட்டுக்கு ஒரு வருச நீட்டிப்பு நான் போன மாசமே பதிஞ்சுட்டேன். அது முடியறப்ப புதுசு வாங்கிக்கலாம். அப்ப இது நெசமாவே பழசாயிருக்கும்."

தானியேல் பெருமூச்சு விட்டு வண்டிக்காரனுக்குக் கையசைத்தான். அட்டைப்பெட்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"பதினேழு" என்றாள் ஸ்வேதா.

பதினேழு ஒரு வாரிசுச் சான்றிதழ். பதினெட்டு அந்தக் கிழவர். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொம்போது."

ஜெகந்நாதன் எழுந்து கவுண்ட்டர் முன்னால் வந்து நின்றார். டோக்கனை நீட்டினார்.

"இன்னா வேணும் சார்?"

அவர் வாய் திறந்தார். ஏதோ சொன்னார். ராஜாராமுக்குப் பக்கத்தில் நின்றும் கேட்கவில்லை.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்" என்றாள் ஸ்வேதா.

அவள் குரலில் கேலி இல்லை. பத்தாம் வகுப்பில் நூறு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள். ஜெகந்நாதன் ஒருமுறை கனைத்தார். நிமிர்ந்து நின்றார்.

"ரேமை எடுத்தது ஸ்வேதா இல்லை!" முப்பத்திரண்டு வருஷக் குரல் அதன் முழு அளவில் வெளியே வந்தது. மடியிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. "நான் எடுத்தேன். பூஜையில வச்சுட்டு மறந்துட்டேன். அவ மேல பழி போட்டேன். தப்பு என்னுது!"

டீக்கடைக்காரர் கிளாஸை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

ஸ்வேதா நோட்டில் பத்தொன்பதுக்கு நேராக ஒரு டிக் போட்டாள். மடியிலிருந்த பை எப்போது மேஜைக்கடியில் போயிற்று என்று ராஜாராம் கவனிக்கவில்லை. துப்பறிவாளர்.

"நாளைக்கு..." என்றார் ஜெகந்நாதன். இந்த முறை குரல் சின்னதாக இருந்தது. "நாளைக்கு வருவியாம்மா?"

"அது வேற வேலை சார்" என்றாள் ஸ்வேதா, திரையைப் பார்த்தபடியே. "அதுக்குத் தனி டோக்கன். இருபது, யாரு?"

குழந்தைக்காரி எழுந்து வந்தாள். ஜெகந்நாதன் சுவர்ப் பக்கம் போய் இன்னொரு டோக்கனைக் கிழித்தார். பெஞ்சில் ஆதிலட்சுமி கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.